பின்னிருக்கையின் கனம்

மழை விட்டிருந்த ஒரு பிற்பகலில் நாங்கள் அந்தக் காரைக் குள்ளனின் பட்டறைக்குக் கொண்டுபோனோம்.

டைல்ஸ் கிடங்கு ஒன்றின் பின்னால், தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. வாசல் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரில் எண்ணெய் மிதந்து நிறம் நிறமாக நெளிந்துகொண்டிருந்தது. குள்ளன் என்று பெயரே தவிர, ஆள் நெட்டைக் கொக்கு. வருகிற கார்களையெல்லாம் தரையோடு தரையாக இறக்கிவிடுவதால் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். தன் பட்டறைப் பலகையிலும் அதையே எழுதி வைத்திருந்தான்.

என் கணவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. நான் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபி செய்கிறேன். விழுந்தவர்களை மறுபடி நடக்க வைப்பது என் தொழில். ஆனால் என் வீட்டிலேயே ஒருவரை என்னால் எழுப்ப முடியவில்லை. எங்களுக்கு ஒரே பிள்ளை. பொடியன் என்றுதான் கூப்பிடுவோம். ஆறு வயதில் காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. அவன் போன பிறகு என் கணவர் சாப்பிட்டார், வேலைக்குப் போனார், வந்தார், படுத்தார். பேச்சு என்பது உப்புப் போதுமா, கதவைச் சாத்தினாயா என்பதோடு நின்றுபோனது.

அப்படிப்பட்டவர் ஒருநாள் வந்து, "ஒரு கார் பார்த்தேன்" என்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

பழைய செடான். யாரோ ஒருவர் வீட்டுக் கொட்டிலில் பல வருஷம் ஓடாமல் நின்றது. விற்றவர் சாவியை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாராம், வாசல்வரைகூட வரவில்லையாம். வெளியே பார்க்க அலுவலகத்துக்குப் போய்வருகிற சாதுவான நாலு கதவு வண்டி. உள்ளே இருந்ததோ உறுமுகிற என்ஜின். "பசுத்தோல் போர்த்திய புலிம்மா இது" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக நான் எதற்கும் சம்மதித்திருப்பேன்.

குள்ளன் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தான்.

"எவ்வளவு இறக்கணும் அண்ணே?"

"சக்கரத்துக்கும் மேல இருக்கற வளைவுக்கும் நடுவுல முழுக் கையும் போகுது பாரு. ரெண்டு விரல் போனா போதும்."

"ஸ்பிரிங் மட்டுமா, ஸ்ட்ரட்டும் சேர்த்தா?"

"ஸ்பிரிங் மட்டும் போட்டா என்ன?"

"போடலாம். புது மருமகளக் கொண்டாந்து பழைய மாமியார்கிட்ட விட்ட மாதிரி இருக்கும்" என்றான். "கனத்தத் தாங்கறது ஸ்பிரிங்கு. அது துள்ளாம அடக்கறது ஸ்ட்ரட்டு. இறக்கற ஸ்பிரிங் குட்டை, கொஞ்சம் முறைப்பு வேற. பழைய ஸ்ட்ரட்டால அத அடக்க முடியாது. நித்தம் சண்டைதான்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். மூன்று பேரும் ஒரு காரைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

குள்ளன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் குந்தினான். முன்பக்கம் இரண்டும் சரி. பின்பக்கம் வலதும் சரி. இடது பின்சக்கரத்தின் அருகில் வெகுநேரம் குந்தியிருந்தான். பிறகு தலை நிமிராமலே சொன்னான்.

"அண்ணி, பின்னாடி உக்காந்திருக்கவங்கள கொஞ்சம் இறங்கச் சொல்லுங்க. அளவு தப்பாக் காட்டுது."

நாங்கள் இருவரும் வெளியேதான் நின்றுகொண்டிருந்தோம்.

"யாரு தம்பி?"

அவன் எழுந்து கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தான். பின்னிருக்கை காலியாக இருந்தது. பின்னந்தலையைச் சொறிந்துகொண்டு, "உங்க நிழலா இருக்கும்" என்றான். "பழைய ஸ்பிரிங் அந்தப் பக்கம் தளர்ந்திருக்கு. மாத்திட்டா சரியாயிடும்."

நான் காரைத் தள்ளி நின்று பார்த்தேன். ஒரு காலில் எடையைப் போட்டுச் சாய்ந்து நிற்கும் நோயாளிகளைத் தினமும் பார்ப்பவள் நான். அந்தக் கார் அப்படித்தான் நின்றது.

புது ஸ்பிரிங்குகளும் அதற்குப் பொருத்தமான ஸ்ட்ரட்டுகளும் வந்து இறங்கின. குள்ளன் மாட்டிக் கொடுத்தான். கார் தரைக்கு அருகே பதுங்கிய மிருகம்போல் இருந்தது. நாலு மூலையும் ஒரே உயரம். அவர் குழந்தைபோல் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளம், பகலிலும் விளக்குப் போடாமல் எதுவும் தெரியாத இடம். ஈரச் சுவரின் வாசனையும் டயர் வாசனையும் எப்போதும் இருக்கும். அங்கே காரை நிறுத்தி இறங்கி, கதவைச் சாத்திவிட்டு லிஃப்டை நோக்கி நடந்தோம்.

பின்னால் ஸ்பிரிங் முனகியது.

மெதுவாக, நீளமாக. உட்கார்ந்த இடத்தில் யாரோ புரண்டு வசதியாக உட்காருவதுபோல.

"புது ஸ்பிரிங். படியுது" என்றார் அவர்.

மறுநாள் காலை பார்த்தால், இடது பின்மூலை பழையபடி தாழ்ந்திருந்தது.

குள்ளனுக்கு ரோஷம் வந்துவிட்டது. இடது ஸ்பிரிங்கை வலதில் போட்டான், வலதை இடதில் போட்டான். தாழ்ந்தது இடதுதான். இரண்டு ஸ்பிரிங்குகளையும் கழற்றி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தான். மயிரிழை வித்தியாசம் இல்லை. வண்டியின் சட்டம் வளைந்திருக்கிறதா என்று அடியில் படுத்து அளந்தான். வளையவில்லை. கடைசியில், திருகினால் உயரம் ஏறி இறங்கும் ரக ஸ்ட்ரட்டைத் தருவித்து அந்த மூலையை மட்டும் உயர்த்தி வைத்தான். பொழுது சாய்வதற்குள் அது பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

"நான் எவ்வளவு ஏத்தறனோ, அவ்வளவு அழுத்துது" என்றான். அவன் குரலில் வேடிக்கை போயிருந்தது.

பந்தயக் கார்களுக்காக அவன் வாங்கி வைத்திருந்த தட்டையான எடைமேடைகள் மூலையில் கிடந்தன. சக்கரத்துக்கு ஒன்றாக வைத்துக் காரை ஏற்றினான். ஒவ்வொன்றாகப் படித்து மனசுக்குள் கூட்டிக் கழித்தான்.

"இடது பின்பக்கம் மட்டும் கூட நிக்குது அண்ணே."

"எவ்வளவு கூட?"

"ஒரு சின்னப் பையன் எடை இருக்கும். ஒண்ணாங்கிளாஸ் போற பையன் எடை."

எங்களுக்குப் பிள்ளை இருந்தது அவனுக்குத் தெரியாது. ஏதோ சொல்லிவிட்டோம் என்று மட்டும் எங்கள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டான். நாடாவைச் சுருட்டினான். அவிழ்த்து மறுபடி சுருட்டினான்.

என் கணவர் காரில் ஏறி உட்கார்ந்தார். தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பிடித்து, சாலை தெரியாதபடி, பின்னிருக்கை மட்டும் தெரியும்படி கீழே திருப்பினார்.

வீடு வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

அதன்பிறகு அவர் மாறிப்போனார். சந்தோஷமாக மாறினார் என்பதுதான் கொடுமை. வேலை விட்டு வந்ததும் கீழ்த்தளத்துக்குப் போய்விடுவார். நான் தேடிப் போனால் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, பின்னால் திரும்பி, அன்றைக்கு எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நின்றுபோனது, உள்ளே மாட்டிக்கொண்ட மாமா எப்படிக் கத்தினார் என்று கதை சொல்லிக்கொண்டிருப்பார். எங்கள் பொடியனுக்கு அந்தக் கதைகள் என்றால் உயிர்.

ஒருநாள் குள்ளன் எனக்கு போன் செய்தான்.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. அண்ணன் வந்திருந்தாரு. போட்ட ஸ்பிரிங்க எல்லாம் கழட்டிட்டு மெத்துனு இருக்கறதாப் போடச் சொல்றாரு. முறைப்பா இருந்தா குலுக்குதாம். இறக்கணும்னு வந்த மனுஷன் இப்ப ஏத்தணும்னு நிக்கறாரு."

"யாருக்குக் குலுக்குதாம்?"

அந்தப் பக்கம் ஏதோ கருவியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அத நான் கேக்கல அண்ணி."

மெத்தென்ற ஸ்பிரிங் மாட்டிய அன்று மாலை, அவர் என்னைக் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப் போனார். பின்கதவைத் திறந்து, "உக்காரு" என்றார். "நீயும் வாம்மா. எத்தனை நாளா நான் மட்டும் பேசிட்டிருக்கறது."

நான் உட்கார்ந்தேன். பொய் சொல்லமாட்டேன், எனக்கும் ஆசை இருந்தது. பெற்றவளுக்கு இருக்காதா? வலது ஓரம் உட்கார்ந்து, இடது பக்கம் பார்த்தேன். அங்கே இருக்கையின் தோல் பள்ளமாக அமுங்கியிருந்தது. சின்ன வட்டம். அதன் மேல் காற்றைத் தவிர ஒன்றும் இல்லை.

ஒரு வாசனை வந்தது. நெடுநாள் மூடிக் கிடந்த அலமாரியில் ஈரத் துணியை மடித்து வைத்த வாசனை.

கையை நீட்டினேன்.

விரல்கள் குளிர்ந்தன. துணிபோல ஏதோ பட்டது. அதன் அடியில் தொடைபோல ஏதோ இருந்தது. நான் தொட்டதும் அது சிலிர்க்கவில்லை, விலகவில்லை, என் பக்கம் சாயவும் இல்லை.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் பொடியன் ஓரிடத்தில் உட்காரமாட்டான். பஸ்ஸானாலும் பள்ளிக்கூடமானாலும் இருக்கையின் நுனியில் தொற்றிக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டு, இரண்டு பேருக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டிருப்பான். ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூடச் சுருண்டு புரண்டுகொண்டேதான் இருந்தான். இதுவோ முதுகை நன்றாகப் பின்னால் சாய்த்து, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. நாற்காலியைத் தனக்கென்று எடுத்துக்கொண்டவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள்.

அது காத்திருந்தது.

மேலே வந்ததும் அவரிடம் சொன்னேன்.

"என்னங்க, அது நம்ம பையன் இல்ல."

அவர் முகம் ஒரு நொடியில் வாடியது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் பெத்தவங்க. எனக்குத் தெரியாதா? அவன் இப்படி உக்காருவானா? தொட்டா சும்மா இருப்பானா? அதோட, கனம் கூடிட்டே போகுதுங்க. போன வாரத்தவிட இந்த வாரம் தாழ்ந்திருக்கு. பாக்கலையா நீங்க?"

"பார்த்தேன்."

"அப்புறம்?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார், புரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல.

"இருந்திருந்தா இப்ப வளர்ந்திருப்பான்லம்மா" என்றார். "வளர்ற பிள்ள. எடை கூடத்தான செய்யும்."

அன்றிரவு சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதேன்.

கனம் கூடிக்கொண்டே போனது. மெத்தென்ற ஸ்பிரிங் முழுக்க அமுங்கி, சக்கரம் மேல் வளைவில் உரச ஆரம்பித்தது. கார் வந்து நின்றால் கருகிய ரப்பர் வாசனை கீழ்த்தளம் முழுக்கப் பரவியது. காவலாளி, "சார், உங்க வண்டியில மூட்டை கீட்டை ஏத்திருக்கீங்களா?" என்று கேட்டார். அவர், "பையன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம். காவலாளி அதன்பிறகு எங்கள் பக்கம் ரோந்து வருவதை விட்டுவிட்டார்.

நான் குள்ளனிடம் போனேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். நம்பமாட்டான் என்று நினைத்தேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அந்த மூலையில கை வைக்கும்போதெல்லாம் எனக்கு முதுகு சில்லுங்கும் அண்ணி" என்றான். "சொன்னா பைத்தியம்னுவாங்களேன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

"அந்த வண்டி ஓடாம பண்ணிடு தம்பி. உன் காலப் புடிச்சுக் கேக்கறேன்."

"அய்யோ, என்ன அண்ணி பேச்சு. ஸ்பிரிங் மாத்தறேன்னு சொல்லி வரச் சொல்லுங்க. கழட்டுனத மாட்டமாட்டேன். அவ்வளவுதான்."

உரசுவது அவருக்கும் கவலையாக இருந்ததால், கனம் தாங்கும் ஸ்பிரிங் வந்திருப்பதாகச் சொன்னதும் காரைக் கொண்டுபோய் விட்டுவிட்டார். மறுநாள் மதியம் பட்டறையின் பக்கத்துக் கடைக்காரர் போன் செய்தார். குள்ளனை எங்கள் மருத்துவமனைக்கே கொண்டு வந்திருந்தார்கள். தோள் எலும்பு நொறுங்கி, காதோரம் கிழிந்து, தையல் போட்டுப் படுத்திருந்தான். கண் கூரையிலேயே நிலைத்திருந்தது.

"அழுத்தி வச்ச ஸ்பிரிங் தெறிச்சுடுச்சா தம்பி?"

"நான் அழுத்தவே இல்ல அண்ணி." குரல் காற்றாக வந்தது. "வண்டி ஜாக்கில நிக்குது. ஸ்பிரிங்கக் கழட்டிட்டேன். தனியா மேசைமேல நிறுத்தி வச்சிட்டு துணியில கை துடைச்சிட்டிருந்தேன். முனகுற சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பாத்தா…"

கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"மேசைமேல அதுவா அமுங்குது. மெல்ல. சுத்து சுத்தா ஒண்ணோட ஒண்ணு ஒட்டற வரைக்கும். மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி."

"அப்புறம்?"

"அப்புறம் எந்திரிச்சிடுச்சு."

அவன் கண்ணோரம் தண்ணீர் வழிந்து காதுக் கட்டில் இறங்கியது.

"அண்ணன வண்டிகிட்ட விடாதீங்க. அதுக்கு ஸ்பிரிங்குமேல ஆசையில்ல. எது தாங்கும்னு பாத்துட்டிருக்கு."

நான் பட்டறைக்கு ஓடினேன். அவர் எனக்கு முன்பே அங்கே இருந்தார். குள்ளனிடம் வேலை கற்றுப் பக்கத்தில் கடை போட்டிருந்த ஒருவரைப் பிடித்து, இருந்ததிலேயே முறைப்பான ஸ்பிரிங்கை மாட்டச் சொல்லி, கார் தயாராக நின்றது. சரக்கு லாரிகளுக்குப் போடுகிற அளவுக்குத் தடித்த கம்பி. அப்படியும் இடது மூலை தாழ்ந்துதான் இருந்தது.

"குள்ளனுக்கு இப்படி ஆகிப்போச்சேங்க. இன்னுமா?"

"கவனக்குறைவு" என்றார். "ஸ்பிரிங் வேலைன்னா அப்படித்தான்." பிறகு என் கையில் சாவியைத் திணித்தார். "நீ ஓட்டு. நான் பின்னாடி அவன்கூட உக்காந்து வரேன். ஒருநாளும் நான் பக்கத்துல உக்காந்ததே இல்ல பாரு."

நான் சாவியை வாங்கிக்கொண்டேன். என் மனசில் ஒரு கணக்கு ஓடியது. ஊருக்கு வெளியே, பழைய வண்டிகளை நசுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. நேராக அங்கே ஓட்டிப்போய் நிறுத்துவேன். அவரை இழுத்து இறக்குவேன். அழுதாலும் சரி, அடித்தாலும் சரி. இந்தச் சனியன் இன்றோடு ஒழியட்டும்.

சாயங்கால வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. தூறல் பிடித்தது. சாலையில் வண்டிகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. எல்லாரும் எங்கேயோ வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் என் கணவர் மெல்லிய குரலில் பேசிக்கொண்டே வந்தார்.

"தலை முடியெல்லாம் நனைஞ்சிருக்கே. மழையில ஆடுனியா?"

வைப்பர் போய் வந்தது.

"குளிருதா? அப்பாகிட்ட வா."

ஸ்பிரிங் முனகியது. காரின் பின்பக்கம் இடதிலிருந்து நடுவுக்கு மாறியதை ஸ்டீயரிங்கில் உணர்ந்தேன்.

"ஏம்மா!" அவர் குரல் உடைந்தது. அவ்வளவு ஆனந்தம் அதில். "ஏம்மா, என் மடிக்கு வந்துட்டான்!"

நான் வேகத்தைக் கூட்டினேன்.

"என்னங்க, இறக்கி விடுங்க. கீழ இறக்குங்க அத."

"கழுத்தக் கட்டிக்கிட்டாம்மா."

பின்பக்கம் இன்னும் தாழ்ந்தது. முன் விளக்குகளின் வெளிச்சம் சாலையை விட்டு எழும்பி, மரக்கிளைகளில் விழுந்தது.

"கனக்கறான்" என்றார் சிரித்துக்கொண்டு.

கருகிய ரப்பர் வாசனை.

"நல்லாக் கனக்கறான்."

பிரேக்கை மிதித்தேன். கனத்தில் கார் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது.

"கொஞ்சம் இறங்குப்பா" என்றார். "அப்பாவுக்கு மூச்சு…"

பிறகு, மிக மெதுவாக, என்னிடம்:

"நீ சொன்னது சரிம்மா."

பின்னால் ஏதோ ஒடிந்தது. காய்ந்த விறகு ஒடிவதுபோல, ஒன்றன்பின் ஒன்றாக.

கார் சாலையோரம் உரசி நின்றது. அதன் வயிறு தரையைத் தொட்டிருந்தது. நான் இறங்கி ஓடிப்போய்ப் பின்கதவைப் பிடித்து இழுத்தேன். தாழ்ந்துபோன கதவு ஓரக்கல்லில் மாட்டித் திறக்கவில்லை. கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தேன். அவர் கண்கள் திறந்திருந்தன. இரண்டு கைகளும் முன்னால் வளைந்து, எதையோ அணைத்தபடி இருந்தன. இருக்கையோடு இருக்கையாக, மடித்து வைத்த சட்டைபோல ஆகியிருந்தார்.

உதவிக்கு ஆட்கள் ஓடி வந்தார்கள். நாலைந்து பேர் சேர்ந்து பின்பக்கத்தைத் தூக்கப் பார்த்தார்கள். அசையவில்லை. "என்னத்தை ஏத்தி வச்சிருக்கீங்க?" என்று ஒருவர் என்னைப் பார்த்துக் கத்தினார். அவர் கேட்டு முடிப்பதற்குள், கார் தானாகவே ஒரு பெருமூச்சோடு மேலே எழும்பியது. கதவு திறந்துகொண்டது.

பெரிய பாரம் ஏறி நெஞ்சுக்கூடு நொறுங்கியிருக்கிறது என்றார் மருத்துவர். காரில் அடிபட்ட தடயம் ஒன்றுமே இல்லையே என்று காவல்துறையில் கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் எழுதுவதை நிறுத்திவிட்டு எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

வீடு என்று திரும்பிப்போக எனக்கு எதுவும் இல்லை. ஆனாலும் போனேன், வேறு எங்கே போவது? அவர் செருப்பு வாசலில் இருந்தது. பொடியனின் பள்ளிக்கூடப் பை அவர் அலமாரியில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே நான் உட்கார்ந்திருந்தேன். அவர் கடைசியாகப் பேசியது என்னிடம்தான். எது வந்து தன் மடியில் உட்கார்ந்தது என்று தெரிந்துகொண்டு போனார். தெரியாமலே, மகனைக் கட்டிக்கொண்டதாகவே நினைத்துப் போயிருக்கக்கூடாதா? அந்த ஒரு சின்ன தயவுகூட அவருக்குக் கிடைக்கவில்லையே என்பதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

விசாரணை முடிந்து காரைத் திருப்பிக் கொடுத்தபோது, குள்ளன் கட்டுப் போட்ட தோளோடு வந்து நின்றான். "தனியாப் போகாதீங்க அண்ணி" என்றான். இழுவை வண்டி காரை முன்னால் கொண்டுபோக, நாங்கள் அவனுடைய வேனில் பின்தொடர்ந்தோம். அவனுக்குக் கை வராததால் நான்தான் ஓட்டினேன்.

வண்டி நசுக்கும் இடத்தில் இரும்புக் குவியல்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. சக்கரங்களைக் கழற்றினார்கள். ஸ்ட்ரட்டுகளையும் அந்தத் தடித்த ஸ்பிரிங்குகளையும் அறுத்துத் தனியே எறிந்தார்கள். வெறும் கூட்டைக் கிரேன் தூக்கியது. கூரையின் நடுவில் மாட்டிய கொக்கியில் கார் அந்தரத்தில் தொங்கியது.

நானும் குள்ளனும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

அது நேராகத் தொங்கியது. இடது மூலை தாழவில்லை. வலதும் தாழவில்லை. காற்றில் இலேசாகச் சுழன்றது, காலி டப்பாபோல.

"போயிடுச்சு" என்றேன். வெகுநாளைக்குப் பிறகு மூச்சு முழுதாக உள்ளே போனது.

குள்ளன் திரும்பி, நாங்கள் வந்த வேனைப் பார்த்தான்.

இயந்திரம் காரைக் கவ்வி நசுக்கியது. கண்ணாடிகள் பொடிந்து உதிர்ந்தன. கடைசியில் பெட்டிபோல ஒரு இரும்புக் கட்டி வெளியே வந்து விழுந்தது. நான் திரும்பி வேனை நோக்கி நடந்தேன். குள்ளன் எனக்கு முன்னால் போய், என் கையிலிருந்த சாவியை மெல்ல வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவன் உதடு வெளுத்திருந்தது. வேனைப் பார்க்கவே இல்லை.

"அண்ணி" என்று கிசுகிசுத்தான். "நடந்தே போயிடலாம்."

"ஏன் தம்பி? இவ்வளவு தூரமா?"

"திரும்பாதீங்க. நடங்க."

நடந்தோம். இரும்புக் குவியல்களுக்கு நடுவே, எங்கள் செருப்புச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. வாயில் கதவை நெருங்கியபோது, பின்னால் நின்ற வேனின் ஸ்பிரிங்குகள் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு மேலே எழும்பும் சத்தம் கேட்டது.

அது இறங்கிவிட்டது.